பட்டா யார் பேரில்?

போன மாசி மாசம். மாப்பிள்ளைச் சம்பா அறுவடை முடிந்து, அரிசியைக் கிலோப் பைகளில் கட்டி அடுக்கியிருந்தோம். சென்னையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் அம்மா போன் செய்தார்.

"சார், பையில போட்டிருக்கிற வெப்சைட்டைத் திறந்தா ஒண்ணுமே வரலையே. விவசாயத்தை விட்டுட்டீங்களா?"

பதறிப்போய்த் திறந்து பார்த்தேன். முகவரி காலாவதியாகிவிட்டது என்று ஒரு வரிதான் வந்தது. தளத்தைச் செய்து கொடுத்த தம்பிக்குப் போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். பத்து நாள் கழித்துக் கிடைத்தார்.

"புதுப்பிக்கணும் சார். 18,000 ஆகும்."

"முகவரியை மட்டும் புதுப்பிக்க எவ்வளவு தம்பி?"

"தனியா முடியாது சார், எல்லாம் ஒரே பேக்கேஜ்."

"சரி, அதை என் பேருக்கு மாத்திக் கொடுத்துடுங்க."

"அது என் அக்கவுண்ட்ல இருக்கே சார்..."

அவரைத் திருடர் என்று சொல்ல மாட்டேன். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடைசியில் அந்த முகவரியை விட்டுவிட்டேன். அச்சடித்து வைத்திருந்த 600 பைகளிலும் புது முகவரியை ஸ்டிக்கராக ஒட்டினோம். ஒட்டிக்கொண்டே வீட்டுக்காரம்மா சொன்னார்: "ஊர்ல இருக்கிறவங்க பத்திரத்தையெல்லாம் முப்பத்திநாலு வருஷம் பேங்க்ல உட்கார்ந்து துருவித் துருவிப் பார்த்தீங்க. நம்ம பத்திரத்தைப் பார்க்கலையே!"

உண்மைதான். நேரடி விற்பனையில் இறங்கும் நம் உழவர்கள் பலரும் இப்போது இணையதளம் போட நினைக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் என் அசட்டுத்தனத்தை இங்கே எழுதுகிறேன்.

இணையதளம் என்பது மூன்று சமாச்சாரம். ஒன்று, முகவரி. டொமைன் என்பார்கள். இது மனைக்குப் பட்டா மாதிரி. இரண்டு, நம் பக்கங்களை வைத்திருக்கும் சர்வர் இடம். இதற்கு ஹோஸ்டிங் என்று பெயர். இது வாடகை இடம். பிடிக்காவிட்டால் காலி செய்துகொண்டு வேறு இடம் போகலாம். மூன்று, வடிவமைப்பு. இது மேலே எழுப்பும் கட்டடம். கட்டடம் போனால் திரும்பக் கட்டலாம். பட்டா அடுத்தவர் பேரில் இருந்தால், கட்டியதெல்லாம் அவர் தயவில்தான் நிற்கும்.

ஆகவே முதல் வேலை: முகவரியை நீங்களே பதிவு செய்யுங்கள். பதிவு நிறுவனத்தில் கணக்கு உங்கள் பேரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைப்பேசி எண்ணில் இருக்க வேண்டும். டாட் காம், டாட் இன் போன்ற சாதாரண முகவரிக்கு வருஷத்துக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் ஆகும். ஒரே தடவையில் 10 வருஷம் வரைகூடப் பதியலாம். முதல் வருஷம் மலிவாகக் கொடுத்து, இரண்டாம் வருஷம் ஏற்றுவார்கள். புதுப்பிக்கும் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். வடிவமைப்பாளருக்கு வேலை செய்யத் தேவையான அனுமதியைக் கொடுங்கள். சாவிக்கொத்து உங்களிடமே இருக்கட்டும்.

அடுத்து, ஆளை விசாரிப்பது. கடன் கேட்டு வருபவரை நாங்கள் பழைய கணக்கை வைத்துத்தான் எடைபோடுவோம். வடிவமைப்பாளரிடமும் அதையே செய்யுங்கள். போன மாசம் தளம் போட்டவரைக் கேட்காதீர்கள்; அவர் நாற்று நட்டவர், பச்சையைப் பார்த்துப் பூரித்திருப்பார். இரண்டு வருஷத்துக்கு முன் போட்டவரைக் கேளுங்கள். அறுவடை கண்டவர் அவர்தான். பழுது வந்தால் போனை எடுக்கிறாரா, புதுப்பிக்கும்போது எவ்வளவு வாங்கினார் என்று இரண்டே கேள்வி போதும்.

மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள். வீட்டுக் கடனையே அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று பார்த்துப் பார்த்துத்தான் வங்கி விடுவிக்கும். மாதிரிப் பக்கம் காட்டியதும் கொஞ்சம், தளம் ஓடியதும் கொஞ்சம், நீங்களே விலையை மாற்றப் பழகியதும் மீதி என்று எழுதிக் கொள்ளுங்கள். ஒவ்வொரு வருஷமும் எதற்கு எவ்வளவு என்பதும் அந்தத் தாளில் தனித்தனியாக இருக்கட்டும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னும் சில விஷயங்கள்:

என் பழைய தளத்தில் அழகுக்காக 'இந்தியா ஆர்கானிக்' முத்திரையைப் போட்டிருந்தார். அது என்.பி.ஓ.பி. சான்று பெற்றவர்களுக்கானது. என்னிடம் இருப்பது பி.ஜி.எஸ். சான்று, அதற்கு முத்திரை வேறு. மாட்டிக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியது நான்தானே! உங்கள் தளத்தில் வரும் ஒவ்வொரு சொல்லையும் படத்தையும் நீங்களே பாருங்கள். எங்கிருந்தோ எடுத்த வயல் படம் வேண்டாம். கோணலாக இருந்தாலும் நம் வயல் படமே போதும்.

தமிழ் எழுத்து யூனிகோடில் இருக்க வேண்டும். எழுத்தைப் படமாக ஒட்டிவிட்டால், 'கருப்புக் கவுனி' என்று தேடுகிறவருக்கு உங்கள் பக்கம் அகப்படுவது கஷ்டம். நம்மிடம் வாங்குபவர்களில் அதிகம் பேர் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள். அதனால் மாதிரிப் பக்கத்தை உங்கள் சாதாரணப் போனில் திறந்து பாருங்கள்.

'கூகுளில் முதலிடம் கியாரண்டி' என்பவரைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது.

பணம் வரும் வழி நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கே இருக்கட்டும். 'என் கணக்குக்கு வரட்டும், மாசாமாசம் அனுப்புறேன்' என்றால் வேண்டாம். உங்கள் வங்கி ஓ.டி.பி.யும் யு.பி.ஐ. பின்னும் எந்த வடிவமைப்பாளருக்கும் தேவைப்படாது.

இந்தப் பாடத்தோடு இரண்டாவது தடவை தேடினேன். கும்பகோணத்தில் ஒரு பெண் கிடைத்தார். விலை சொல்வதற்கு முன்னால் என்னைக் கேள்வி கேட்டார். வருஷத்துக்கு எவ்வளவு அரிசி விற்கிறீர்கள், வாங்குபவர்கள் யார், ஆர்டர் வந்தால் யார் பதில் சொல்வார்கள்? எல்லாம் கேட்டுவிட்டு, "உங்களுக்குப் பெரிய கடையெல்லாம் வேண்டாம் சார். நாலு பக்கமும் ஒரு வாட்ஸ்அப் பொத்தானும் போதும்" என்றார். வருகிற காசைக் குறைத்துச் சொல்கிறாரே என்று அப்போதே நம்பிக்கை வந்தது.

கடைசியாக ஒன்று கேட்டேன். "நாளைக்கு நீங்க இந்தத் தொழிலை விட்டுட்டா நான் என்னம்மா பண்றது?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. முகவரி எங்கே பதிவாகியிருக்கிறது, சர்வர் எங்கே, எந்தத் தேதியில் எதைப் புதுப்பிக்க வேண்டும், தளத்தின் நகல் எங்கே இருக்கிறது என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார். நீங்களும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அந்தத் தாள் இப்போது எங்கள் வீட்டுப் பீரோவில், நிலத்துப் பட்டாவோடு சேர்ந்தே இருக்கிறது.