தோல்வழி இயக்குநீர் மருந்துகள்: உறிஞ்சலைக் கூட்டும் முறைகள்

முன்னுரை

வாய்வழி உட்கொள்ளும் எஸ்ட்ராடயால் குடலிலிருந்து முதலில் கல்லீரலை அடைகிறது. அதன் பெரும்பகுதி அங்கேயே சிதைவுறுகிறது. தோல்வழிச் செலுத்தினால் இவ்விழப்பு தவிர்க்கப்படும். ஆயினும் தோல் எளிதில் வழிவிடுவதில்லை.

தடையும் வழியும்

தோலின் மேற்புறக் கொம்புப்படலம் ஏறத்தாழ 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமனே உடையது. அதன் இறந்த செல்களைச் செங்கல்லாகவும் இடைப்பட்ட கொழுப்பைச் சாந்தாகவும் கொள்ளலாம். 500 டால்டனுக்குக் குறைந்த எடையும் கொழுப்பில் கரையும் இயல்பும் உடைய மூலக்கூறுகளே பெரும்பாலும் இதனைக் கடக்கும். எஸ்ட்ராடயால் 272, டெஸ்டோஸ்டீரோன் 288 டால்டன் எடையுடையவை. இன்சுலினோ ஏறத்தாழ 5,800.

எத்தனால், ஒலியிக் அமிலம் ஆகியன அக்கொழுப்பின் ஒழுங்கைத் தளர்த்துகின்றன. ஒட்டுப்பட்டை தோலில் ஈரத்தைத் தேக்கி ஊடுருவலைப் பெருக்குகிறது. குறைந்த அதிர்வெண் மீயொலியால் இன்சுலினையும் செலுத்தலாம் என 1995இல் மும்பையில் பயின்ற சமீர் மித்ரகோத்ரியும் உடனாய்வாளரும் காட்டினர்.

எஞ்சும் மருந்து

டெஸ்டோஸ்டீரோன் களிம்பில் ஏறத்தாழ 10 விழுக்காடே உடலுள் செல்கிறது. எஞ்சியது தோலிலேயே தங்கி, தழுவும் குழந்தைக்கும் பரவக்கூடும். குழந்தைகளிடம் முன்கூட்டிய பருவ மாற்றங்கள் தோன்றியமையால் அமெரிக்க மருந்து ஒழுங்காணையம் 2009இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. கைகழுவுதலும், களிம்பு உலர்ந்தபின் அவ்விடத்தை ஆடையால் மூடுதலும் காப்பாகும். திருப்பூரை அடுத்த மங்கலம் போன்ற பின்னலாடை ஊர்களில் எளிதிற் கிடைக்கும் பனியனும், அவ்விடத்தை முழுதும் மறைக்குமாயின், அதற்கு உதவும்.

முடிவுரை

எனவே உறிஞ்சலைக் கூட்டும் ஆய்வு மருந்துச் சிக்கனம் மட்டும் கருதியதன்று. தோலில் எஞ்சுவதைக் குறைத்து உடனுறைவோரைக் காப்பதும் அதன் பயனாகும்.