கைமாறாத பொருள்

"ஐடி விற்பனைக்கு உண்டு." போனில் கேம் அடிக்கிற பொடியன்மாருக்கு, கல்முனை என்றாலும் கொழும்பு என்றாலும், இந்த அறிவிப்பை விளக்கத் தேவையில்லை. ஐடி என்பது பப்ஜியிலோ ஃப்ரீ ஃபயரிலோ ஒருவர் திறந்து வைத்திருக்கும் கணக்கு. இரண்டு மூன்று வருடங்களாகக் காசு போட்டும் கண்விழித்தும் சேர்த்த உடுப்புகள், துப்பாக்கி ஸ்கின்கள், ஏறிய ரேங்க், கூட விளையாடியவர்களின் பெயர்ப்பட்டியல் எல்லாம் அதற்குள் இருக்கும். விற்கிறவர் வட்ஸ்அப்பில் படங்களைப் போடுவார். விலை படியும். வங்கியில் காசு வைப்பிலிட்ட துண்டின் படம் இந்தப் பக்கமிருந்து போகும், கடவுச்சொல் அந்தப் பக்கமிருந்து வரும். வியாபாரம் முடிந்ததென்று வாங்கியவர் நினைக்கிறார். ஆனால் அந்தக் கணக்கு முதன்முதலில் எந்த மின்னஞ்சலோடு, எந்த பேஸ்புக் பெயரோடு கட்டப்பட்டதோ, அது இன்னும் விற்றவர் கையில்தான் இருக்கிறது. ஒரு கிழமை கழித்து, கடவுச்சொல்லை மறந்துவிட்டதாக அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். காசும் அவரிடம், ஐடியும் அவரிடம். ஏமாந்தவர் விளையாட்டு நிறுவனத்திடம் போய் முறையிடவும் முடியாது, ஏனென்றால் ஐடியைக் கைமாற்றுவதே நிறுவனத்தின் விதிகளுக்கு விரோதம்.

இதைக் கேள்விப்படும் பெரியவர்கள், கேம் என்றாலே களவும் பொய்யும்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு சட்டையை மட்டும் கூட்டாளிக்கு விற்க நினைக்கிறவன், ஏன் வீட்டையே சாவியோடு விற்க வேண்டி வருகிறது? அந்த விளையாட்டுகளில் ஒரு சட்டையைத் தனியே எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க வழியில்லை, அதனால்தான். நண்பனுக்கு ஏதாவது பரிசளிக்கலாம் என்று ஒரு வசதி இருந்தாலும், அது நிறுவனத்தின் கடையில் புதிதாகக் காசு கொடுத்து வாங்கி அனுப்புகிற பரிசு. உன்னிடம் இருப்பதை நீ கொடுக்க முடியாது. ஒன்லைன் விளையாட்டுகளின் கால் நூற்றாண்டு வரலாற்றைப் பார்த்தால், வேறுபாடு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. விளையாடுகிறவர்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்க முடிந்த இடங்களில், சண்டை சச்சரவோடு என்றாலும், ஒரு சமூகம் முளைத்தது. எல்லாமே நிறுவனத்தின் கல்லாப்பெட்டி வழியாகத்தான் என்று ஆன இடத்தில் வாடிக்கையாளர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

1999 இல் வெளிவந்த எவர்குவெஸ்ட் என்ற விளையாட்டில், சந்தை என்று ஓர் இடத்தை அதைச் செய்தவர்கள் வைக்கவில்லை. ஆனாலும் வியாபாரம் செய்ய விரும்பியவர்கள் அந்தக் கற்பனை நாட்டின் ஒரு சுரங்கப் பாதைக்குள் கூடத் தொடங்கினார்கள். வழிப்போக்கர்கள் நிறையக் கடந்து போகிற இடம் அது. பெரிய சந்திகளை அண்டிக் கடைத்தெரு வளர்வதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான். வாள் கொண்டுவந்தவர் வாளின் பெயரைக் கத்தி விற்றார், வாங்க வந்தவர் பேரம் பேசினார். 2001 இல் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்ற அமெரிக்கப் பொருளியலாளர் அந்த நாட்டின் கணக்கைப் போட்டுப் பார்த்தார். விளையாட்டுப் பொருட்கள் வெளியே ஏலத்தில் என்ன விலைக்குப் போகின்றன என்பதைக் கொண்டு, அங்கே ஒருவர் வருடத்துக்கு உண்டாக்கும் பெறுமதி தலைக்கு 2,266 டொலர் என்று கண்டார். அப்போதைய ரஷ்யாவுக்குக் கிட்டிய தொகை. தொட்டுணர முடியாத வாளுக்கு இந்த விலை எப்படி வந்தது? அதைப் பெறச் செலவிட்ட நேரத்தாலும், அதை இன்னொருவர் கையில் கொடுக்க முடிந்ததாலும் வந்தது.

கொடுக்கல் வாங்கலை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கும் சோதனை நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் ஜாகெக்ஸ் நிறுவனத்தின் ரூன்ஸ்கேப் விளையாட்டில் இருவர் பொருள் மாற்றும் விதம் கவனிக்கத் தக்கது. ஒரு பெட்டி திறக்கும். இடப் பக்கம் நான் வைப்பது, வலப் பக்கம் அவர் வைப்பது. இருவரும் சம்மதம் என்று அழுத்தியதும் காரியம் முடிந்துவிடாது. எல்லாவற்றையும் எழுத்தில் காட்டி, சரிதானா என்று இன்னொரு திரை கேட்கும். கடைசி நிமிடத்தில் ஒரு பொருளை உருவிக்கொண்டு ஏமாற்றியவர்கள் இருந்ததால் வந்த ஏற்பாடு இது. சாட்சி வைத்துக் காசு எண்ணிக் கொடுப்பது போன்றது. இப்படி வளர்ந்த வியாபாரத்துக்குள் வெளியாட்கள் புகுந்தார்கள். விளையாட்டுக்குள் தங்கம் சேர்த்து வெளியே டொலருக்கு விற்றார்கள், திருடிய கடனட்டைகளால் சந்தா கட்டினார்கள். நிறுவனம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 2008 ஜனவரி தொடக்கத்தில், இரு பக்கமும் ஏறக்குறையச் சமமான பெறுமதி இருந்தால்தான் பொருள் மாறும் என்று விதித்தது. தங்க வியாபாரிகளுக்கு வைத்த பூட்டு அது. முதலில் அகப்பட்டதோ நன்கொடை. புதிதாக வந்த தம்பிக்கு ஒரு கவசத்தைச் சும்மா கொடுக்க முடியவில்லை. கைமாற்றுக் கேட்டவனுக்குக் கொடுத்துதவ முடியவில்லை. விளையாட்டுக்குள்ளேயே கூட்டங்கூட்டமாக எதிர்ப்பு நடந்தது. மூன்று வருடங்களுக்குப் பின் நிறுவனம் வாக்கெடுப்பு வைத்தது. 12 லட்சத்துக்கும் மேல் வாக்குகள் விழுந்தன. 91 வீதம் பழைய முறை வேண்டும் என்றது. 2011 பெப்ரவரி 1 இல் தடை நீங்கியது.

அதற்குக் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். தடை நீங்கியதும் தானியங்கி நிரல்கள் வெள்ளமாய் வந்தன. அதே வருடம் ஒக்டோபரில் ஒரே நாளில் 15 லட்சம் கணக்குகளை மூடவேண்டி வந்தது. எனவே வியாபாரத்தைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது என் வாதம் இல்லை. களவை ஒழிக்கவென்று கொடையையும் சேர்த்து ஒழித்தால் அந்த இடம் மனிதர் கூடும் இடமாக நிலைக்காது என்பதும், அதைத் தீர்மானிக்கும் பேச்சில் விளையாடுகிறவருக்கும் ஒரு வாக்கு வேண்டும் என்பதும்தான் வாதம்.

வாக்கு என்றதும் ஐஸ்லாந்தின் ஈவ் ஒன்லைன் நினைவுக்கு வருகிறது. விண்வெளிக் கப்பல்களின் உலகம் அது. கப்பலைக் கட்டுவதும் விற்பதும் உடைப்பதும் பெரும்பாலும் விளையாடுகிறவர்களே. 2007 இல் அந்த நிறுவனம் ஒரு பொருளியலாளரை வேலைக்கு எடுத்தது. விலைகளையும் உற்பத்தியையும் அறிக்கையாக வெளியிட்டது. 2008 இல் விளையாடுகிறவர்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு மன்றமும் வந்தது. 2011 ஜூனில் நிறுவனம் தன் கடையில் ஒற்றைக் கண்ணாடி ஒன்றை 60 டொலருக்கு மேற்பட்ட விலைக்கு வைத்தபோது அந்த மன்றத்துக்குச் சோதனை வந்தது. கண்ணாடி ஒரு பொருட்டில்லை. நாளைக்குக் கப்பலையும் கடையிலேயே விற்றால் எங்கள் உழைப்புக்கு என்ன பெறுமதி என்ற பயம்தான் கிளம்பியது. ஆயிரக்கணக்கானவர்கள் மைய வணிக நிலையத்தின் முன்னிருந்த சிலையை நோக்கி மணிக்கணக்காகச் சுட்டுக்கொண்டே நின்றார்கள். நிறுவனம் மன்றத்தாரை ஐஸ்லாந்துக்கு விமானத்தில் அழைத்துப் பேசியது. பின்னர் அதன் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

அதே விளையாட்டில் 2009 இல் நடந்த இன்னொன்று நம் ஊர்களில் யாருக்கும் விளங்கும். விளையாடுகிறவர்கள் நடத்திய ஒரு வங்கியை நம்பி ஆயிரக்கணக்கானோர் விளையாட்டுப் பணத்தை வைப்பிலிட்டிருந்தார்கள். அதை நடத்தியவர் ஒரு பெருந்தொகையை எடுத்து வெளியே நிசக் காசுக்கு விற்றுவிட்டார். செய்தி பரவியதும் எல்லோரும் முண்டியடித்துப் பணத்தை எடுக்க ஓடினார்கள். நிறுவனம் அவரை வெளியேற்றியது உண்மை. வங்கியைச் சுருட்டியதற்காக வெளியேற்றவில்லை, விளையாட்டுப் பணத்தை நிசக் காசாக்கியதற்காக. சீட்டுப் பிடித்தவர் ஊரைவிட்டுப் போனால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது புதிய கதையில்லை. ஆனால் சீட்டுக்காரருக்கு ஒரு வீடு இருக்கும், ஒரு வாப்பா இருப்பார், ஒரு பள்ளிவாசல் மஹல்லா இருக்கும். திரைப்பெயருக்கு இவை ஒன்றும் இல்லை.

அம்பாறைக் கரையோர ஊர்கள் இந்த இடத்தில் உலகத்துக்கே ஒன்றைச் சொல்லிக்கொடுக்கலாம். கரைவலை இழுக்கும் இடத்தைப் பாருங்கள். வலை ஒருவருடையது, தோணி ஒருவருடையது, இழுக்கிறவர்கள் இரண்டு கயிற்றிலும் நிற்கிற பலர். மடி கரைக்கு வந்ததும் மீன் எல்லோர் கண்முன்னும் மணலில் கொட்டப்படுகிறது. விலை எல்லோர் காதிலும் விழுகிறது. செலவு கழித்து மிச்சம் பங்காகப் பிரிகிறது. பங்கு சரியில்லை என்று சண்டை வரலாம், வருகிறது. ஆனால் எவ்வளவு மீன் பட்டது என்பதில் சண்டை வராது. தாய்வழியில் வரும் குடிகளும், குடிக்கொரு மரைக்காயர் பள்ளிவாசல் காரியங்களில் இடம்பெறும் பழைய ஏற்பாடும் இதே அறிவிலிருந்து பிறந்தவை. பொதுச் சொத்து இருக்கும் இடத்தில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குரல் இருக்க வேண்டும். ஐஸ்லாந்துக்காரர் 2008 இல் தேர்தல் வைத்துக் கண்டடைந்ததை இந்த ஊர்கள் தலைமுறைகளாக வேறு பெயரில் வைத்திருந்தன. இந்த மண்ணில் வளர்ந்த பிள்ளை, தான் காசு போட்ட ஒரு விளையாட்டில் பங்குமில்லாமல் குரலுமில்லாமல் நிற்பது எனக்கு உறுத்துகிறது.

மறுப்புகள் உண்டு. பப்ஜி போன்றவை போட்டி விளையாட்டுகள், பொருளை விற்கவிட்டால் காசுக்காரன் வெல்வான் என்பது ஒன்று. இப்போது கடையில் விற்பவற்றில் மிகப் பெரும்பகுதி உடுப்பும் வண்ணமும்தான். ஒருவர் உடுத்த சட்டையை இன்னொருவர் உடுத்தால் போட்டியின் நியாயம் எப்படிக் கெடும்? இதைவிடப் பலமான மறுப்பு கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாட்டிலிருந்து வருகிறது. 2013 முதல் அங்கே துப்பாக்கி ஸ்கின்களைக் கைமாற்றலாம். விளைவாக, ஸ்கின்களைப் பந்தயம் கட்டும் சூதாட்டத் தளங்கள் பெருகின. 2016 இல் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலச் சூதாட்ட ஆணைக்குழு தலையிட்டு அதை நிறுத்தச் சொன்னது. இதை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் அந்த ஸ்கின்கள் எங்கிருந்து வந்தன? காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளிலிருந்து. சூதில் பிறந்த பொருள் சூதுக்குள் திரும்பியது. எவர்குவெஸ்டின் வாளும் ஈவின் கப்பலும் உழைத்துப் பெற்றவை. அவற்றைச் சுற்றி எழுந்தது பேரமும் களவும் கூட்டுறவும் கலந்த சாதாரணச் சந்தை.

பெற்றோரின் கவலை இவையெல்லாவற்றிலும் நியாயமானது. நேரம் போகிறது, படிப்புப் போகிறது, வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் காசு டொப்அப்பாகக் கரைகிறது. கட்டுப்பாடிழந்து விளையாடுவதை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் பிள்ளையை இரவு 2 மணிக்கும் இழுத்துப் பிடிப்பதில் கூட்டாளிகளின் குரலுக்கு எவ்வளவு பங்கு, "இன்னும் 3 மணித்தியாலத்தில் முடிகிறது" என்று கடை காட்டும் கடிகாரத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். காசு விடயத்திலும் அப்படியே. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. டொலரில் விலை போடும் கடைமுன் நம் பிள்ளையின் கை அந்த அளவுக்குச் சுருங்கியது. ரூன்ஸ்கேப்பில் 2013 முதல் வேறொரு வழி இருக்கிறது. வசதியுள்ளவர் நிசக் காசுக்கு ஒரு பத்திரம் வாங்கி விளையாட்டுக்குள் விற்கலாம். வசதியில்லாதவர் அங்கே உழைத்த தங்கத்தைக் கொடுத்து அதை வாங்கித் தன் சந்தாவைக் கட்டலாம். ஏழைப் பிள்ளையின் நேரத்துக்கு அங்கே ஒரு விலை கிடைக்கிறது. அது சுரண்டலாகவும் திரும்பலாம். வெனிசுவேலாவின் பொருளாதாரம் சரிந்தபோது பலர் அதே விளையாட்டில் நாள்முழுதும் தங்கம் சேர்த்து, விதிகளை மீறி வெளியே விற்று வயிறு கழுவினார்கள். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆயினும் அவர்கள் கையில் விற்க ஏதோ இருந்தது.

ஆகவே பிள்ளை கேம் அடிக்கிறானா என்று கேட்பதோடு பெற்றோரும் ஆசிரியர்களும் இன்னும் சிலவற்றைக் கேட்க வேண்டும். அதில் நண்பனுக்கு உன்னிடமிருப்பதைக் கொடுக்க முடியுமா? நீ வாங்கும் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று வாங்கும் முன் தெரியுமா? இரண்டாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், காசைக் கொடுத்து வருவது இன்னதென்று தெரியாமல் வாங்குவதற்கு மார்க்கம் என்ன பெயர் வைத்திருக்கிறது என்பதை இந்த ஊர்களில் யாரும் விளக்கத் தேவையில்லை. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018 இல் அந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. சீனா 2017 மே முதல், எந்தப் பொருள் எத்தனைக்கு ஒன்று விழும் என்பதைப் பகிரங்கமாக எழுதச் சொன்னது. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் விவகார அதிகார சபை இருக்கிறது. கடையில் விலை எழுதாத பொருளைப் பிடிக்கிற சபை அது. டொப்அப் விற்கும் போன் கடையும் அதே தெருவில்தான் இருக்கிறது. அந்தக் காசு போய்ச் சேரும் பெட்டியின் மேல், ஆயிரம் தடவை திறந்தால் அந்தச் சிவப்புச் சட்டை எத்தனை தடவை வரும் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்கலாம். கேட்கிற மனு கல்முனையிலிருந்தே போகலாம்.