‘குழு லோன்’: ஒரே பெயரில் இரண்டு கடன்

கீழ்பென்னாத்தூரிலும் சுற்றியுள்ள மல்லாட்டை விளையும் ஊர்களிலும் ‘குழு லோன்’ என்றால் இரண்டில் ஒன்று. மகளிர் சுய உதவிக் குழு வங்கியில் வாங்குவது முதல் வகை. நுண்கடன் நிறுவனம் நாலைந்து பெண்களைக் கூட்டிக் கொடுப்பது மற்றது. மார்ச் 31 நெருங்கினால் வாசகர் கடிதங்களில் இரண்டும் கலந்துவிடுகின்றன.

சுய உதவிக் குழுவின் உயிர் உள்கடனில் இருக்கிறது. பன்னிரண்டு பேர் மாதம் 100 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 14,400 ரூபாய். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ, தையல் இயந்திரத்துக்கோ ஒருவர் கேட்டால், கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றாலும் அது குழு நிதியில்தான் சேரும். கடன் வாங்கியவருக்கும் அதில் பங்கு உண்டு. தண்டல்காரரிடம் வாங்கியிருந்தால் அந்தக் காசு திரும்பி வராது. குழுவுக்குள் இப்படிச் சுழன்ற பணத்தின் பதிவேடுகளைப் பார்த்துத்தான் வங்கி கடன் தருகிறது. சொத்துப் பத்திரம் கேட்பதில்லை. நபார்டு 1992-ல் 500 குழுக்களோடு தொடங்கிய இந்த ஏற்பாட்டில் கணக்கு நோட்டே பிணை.

ஆகவே, நோட்டு எழுதத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் என்றால் குழுவே அவர் கையில். மற்றவர்கள் வாசிக்காமல் கையெழுத்திடும் இடத்தில்தான் பணம் காணாமல் போகிறது. கணக்கு எழுதும் வேலை ஆண்டுக்கு ஒருவர் என மாறினால், குழுவே முதியோர் பள்ளியாகிவிடும். பயிற்சி முகாம்களைவிட இது பலன் தரும்.

நுண்கடன் குழுவில் பொதுச் சேமிப்பு இல்லை, வட்டி வெளியே போகிறது. ஒருத்தி தவணை தவறினால் பக்கத்து வீட்டுக்காரியை வைத்தே நெருக்குகிறார்கள். அங்கே அவமானமே பிணை. இதுதான் கவலைக்குரியது.

இன்னொரு குழப்பமும் உண்டு: அரசு அறிக்கைகள் கடன் பெற்றவரையே ‘தொழில்முனைவோர்’ ஆக்கிவிடுகின்றன. கடன் அடைந்து, கையில் லாபமும் நின்ற பிறகே அந்தப் பெயர் பொருந்தும்.

இனி, வாசகர் கடிதங்களில் வரும் கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள்.

வட்டி? தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழுள்ள சுய உதவிக் குழுவுக்கு 3 லட்சம் ரூபாய் வரை ஆண்டுக்கு 7 சதவீதம். நுண்கடனுக்கு 2022 முதல் உச்சவரம்பு இல்லை.

தள்ளுபடி? 2021-ல் தமிழக அரசு அறிவித்தது 31.3.2021 அன்று கூட்டுறவு நிறுவனங்களில் நிலுவையில் இருந்த குழுக் கடனுக்கு மட்டும்.

 

வசூல் நேரம்? நுண்கடன் தவணைக்காகக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருவதில்லை.