செவிலியர் படிப்பும் மூன்றாம் மாதத்துக் கண்ணீரும்

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் வாடிய முகத்துடன் என்னை நாடி வந்தார். "டீச்சர், மகளை நர்சிங் கல்லூரியில் சேர்த்து மூன்று மாதம் ஆகிறது. நேற்று இரவு போனில் ஒரே அழுகை. வந்து அழைத்துப் போங்கள் என்கிறாள். அவள் அப்பாவோ இன்றைக்கே புறப்படவேண்டும் என்று நிற்கிறார். நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்டார்.

செவிலியர் பள்ளியில் மாணவியாக இருந்து, பின்னர் அத்தகைய பள்ளிகளிலேயே ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அந்த மூன்றாம் மாதத்துக் கண்ணீரை நான் நன்கு அறிவேன். ஆண்டுதோறும் அதைக் கண்டிருக்கிறேன். ஒரு காலத்தில் நானே அதை வடித்திருக்கிறேன். அந்தத் தாய்க்குச் சொன்னவற்றை, மக்களை இப்படிப்புக்கு அனுப்பவிருக்கும் மற்றப் பெற்றோருக்கும் சொல்வது நலம் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

எந்தப் படிப்பு?

நம் மாநிலத்தில் 1871ஆம் ஆண்டிலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அங்கேயே 1946இல் பட்டப்படிப்பும் வந்தது. இத்தனை நீண்ட மரபு நமக்கு இருந்தும், படிப்புகளுக்குள் உள்ள வேறுபாட்டைப் பல குடும்பங்கள் இன்னும் அறியவில்லை.

படிப்புகள் முக்கியமாக மூன்று. ஏ.என்.எம். என்பது இரண்டு ஆண்டுப் படிப்பு. தாய் சேய் நலம், கிராம சுகாதாரம் ஆகியவற்றை நோக்கியது. ஜி.என்.எம். என்பது மூன்று ஆண்டுப் பட்டயப் படிப்பு. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. 2021இல் வெளியான விதிகளின்படி இப்பட்டப்படிப்பு எட்டுப் பருவங்களாகப் பிரிக்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களையும் ஆங்கிலத்தையும் படித்துத் தேறியிருக்கவேண்டும். அறிவியல் பாடங்களில் பொதுவாக 45 விழுக்காடு மதிப்பெண் தேவை. ஜி.என்.எம். முடித்தவர் பின்னர் இரண்டு ஆண்டுகள் மேலும் படித்துப் பட்டம் பெறவும் வழி உண்டு. ஆகவே பட்டயப் படிப்பில் சேர்ந்தவள் தாழ்ந்துவிட்டாள் என்று எவரும் எண்ணவேண்டியதில்லை.

பணம் கட்டுமுன்

"ஆறு மாதத்தில் நர்ஸ் ஆகலாம்" என்ற விளம்பரப் பலகைகளைப் பேருந்து நிலையங்களின் அருகே கண்டிருப்பீர்கள். ஆறு மாதத்தில் எவரும் செவிலியர் ஆவதில்லை. படித்து முடித்தபின் மாநிலச் செவிலியர் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்யவேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் அரசுப் பணிக்கோ, அயல்நாட்டுப் பணிக்கோ செவிலியராக விண்ணப்பிக்க இயலாது. அங்கீகாரம் இல்லாத நிறுவனத்தில் படித்தவருக்குப் பதிவு கிடைக்காது. நிலத்தை அடகு வைத்துப் படிக்கவைத்த பிறகு இவ்வுண்மையை அறிந்து, கண்கலங்கி என்முன் நின்ற பெற்றோர் உண்டு. அவர்களுக்கு ஆறுதல் சொல்ல முடிந்ததேயன்றி உதவ முடியவில்லை.

ஆகவே பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இப்பள்ளிக்கு உரிய கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா? கல்லூரியாயின், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு அல்லது வேறொரு பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுள்ளதா? மாணவியர் பயிற்சி பெறும் மருத்துவமனை எது. அங்கே நாள்தோறும் நோயாளிகள் போதிய அளவில் இருக்கிறார்களா? மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்க நேர்ந்தால் எழுத்து மூலமான ரசீதும் பெறுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். நல்ல நிறுவனம் எதுவும் இக்கேள்விகளுக்குச் சினங்கொள்ளாது.

செலவுக்கு அஞ்சும் குடும்பங்களுக்கு மற்றொன்றும் சொல்லவேண்டும். அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டத்தைத் தமிழக அரசு 2022 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்றவர்களுக்கும் 2024 டிசம்பரில் அது விரிவாக்கப்பட்டது. உங்கள் மகளுக்குத் தகுதி உண்டா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

வகுப்பறையில் வரும் அச்சம்

முதற் பருவத்தில் உடற்கூற்றியல், உடலியங்கியல், உளவியல், சமூகவியல், ஆங்கிலம், செவிலியத்தின் அடிப்படைகள் ஆகியன பாடங்கள். புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் முதல் வாரத்திலேயே மிரண்டு போவார்கள். பள்ளியில் முதல் மாணவியாக விளங்கியவள் இங்கே முதல் தேர்வில் தோற்பதும் உண்டு. அது அவளுடைய அறிவுக்குக் குறைவன்று. மொழி பழகவில்லை, அவ்வளவே.

மருத்துவச் சொற்களைப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி அச்சம் நீங்கும். 'ஐட்டிஸ்' என்று முடியும் சொல் அழற்சியைக் குறிக்கும். 'ஹெப்பட்' என்பது கல்லீரல்; ஆகவே ஹெப்படைட்டிஸ் என்றால் கல்லீரல் அழற்சி. மருந்துச் சீட்டில் பி.டி. என்றிருந்தால் நாளுக்கு இருமுறை, டி.டி.எஸ். என்றால் மும்முறை, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்படும்போது. நாளுக்குப் பத்துச் சொற்களை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவந்தால், ஆண்டு முடிவதற்குள் அந்நிய மொழி பழகிய மொழியாகிவிடும்.

வருகைப் பதிவும் கண்டிப்பானது. தேர்வு எழுத 80 விழுக்காடு வருகை வேண்டும். செய்முறைப் பயிற்சியிலோ, பட்டம் பெறுமுன் குறைந்த நாட்கள் அனைத்தையும் ஈடுசெய்து முழுமையாக்கவேண்டும். எனவே சித்தி மகளின் நிச்சயதார்த்தத்துக்கும், மாமா வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கும் அவளை அழைக்குமுன் சற்று யோசியுங்கள்.

வார்டில் முதல் நாட்கள்

ஊசி போடவும் அறுவை அறையில் நிற்கவும் கனவு கண்டு வருபவளுக்கு முதலில் கற்பிக்கப்படுவது கை கழுவுவது. அடுத்தது படுக்கை விரிப்பது, சுருக்கமில்லாமல் விரிக்கவேண்டும். அசையாமல் கிடக்கும் நோயாளிக்கு விரிப்பின் சுருக்கமே புண்ணாகிவிடும். பிறகு வாய் துடைப்பது, உடல் துடைப்பது, மலச்சட்டி வைப்பது. இவற்றையெல்லாம் முதலில் பயிற்சிக்கூடத்துப் பொம்மை உடலிலும், பின்னர் வார்டில் நோயாளியிடமும் செய்யவேண்டும்.

வீட்டில் தான் உண்ட தட்டைக்கூடக் கழுவாத பெண், அறிமுகமில்லாத ஒரு முதியவரின் மலத்தைத் துடைக்கும் முதல் நாள் சாப்பிட மாட்டாள். ஒரு மரணத்தை முதன்முறையாகக் கண்ட இரவு உறங்க மாட்டாள். இவை நோயுமல்ல, கோழைத்தனமுமல்ல. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளை இவற்றைக் கண்டும் கலங்காவிட்டால்தான் நாம் கவலைப்படவேண்டும்.

தன்னைக் காத்துக்கொள்ளவும் அவள் கற்கவேண்டும். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் தவறாமல் போட்டுக்கொள்ளட்டும். பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டால், திட்டுவார்களே என்று மறைக்கக் கூடாது. சோப்பும் நீரும் கொண்டு கழுவி, அந்த நிமிடமே பொறுப்பாளரிடம் தெரிவிக்கவேண்டும். சில தொற்றுகளைத் தடுக்கும் மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் கிட்டும்.

ஞாயிறும் திருநாளும் மருத்துவமனைக்கு இல்லை. மேல் ஆண்டுகளில் இரவுப் பணியும் வரும். ஒரு கிறிஸ்மஸ் இரவில் நீங்கள் அனைவரும் ஆலயத்தில் இருக்கையில், உங்கள் மகள் ஒரு நோயாளியின் தலைமாட்டில் நிற்கக்கூடும். அதற்கு இப்போதே மனத்தைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

நான் எழுதிய பொய் எண்

இனி என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் முதலாண்டு மாணவியாயிருந்தபோது, ஒரு மாலை வார்டில் பன்னிரண்டு நோயாளிகளுக்கு உடல் வெப்பமும் நாடியும் பார்த்து எழுதும் பணி எனக்குத் தரப்பட்டது. வெப்பமானி ஒன்றே இருந்தது. காலும் ஓய்ந்துபோயிற்று. கடைசிப் படுக்கையில் ஓர் அம்மாள் போர்த்திக்கொண்டு உறங்கினார். எழுப்புவானேன் என்று, பார்க்காமலே அட்டவணையில் 98.6 என்று எழுதிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் அவருக்கு நடுக்கல் கண்டது. வார்டு சிஸ்டர் வந்து பார்த்தபோது வெப்பம் 103. சிஸ்டர் என்னைத் தனியே அழைத்தார். சத்தம் போடவில்லை. "பார்க்கவில்லை என்று இடத்தை வெறுமையாக விட்டிருந்தால் நான் பார்த்திருப்பேன். நீ ஓர் எண்ணை எழுதினாய், அதனால் எவருமே பார்க்கவில்லை" என்றார். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். எனக்குத்தான் உறக்கம் போயிற்று.

இப்பணிக்கு நான் தகுதியற்றவள், அழைத்துப் போங்கள் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். அப்பா இரவுப் பேருந்தில் வந்தார். விடுதி வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் அமர்ந்து அனைத்தையும் கேட்டார். என்னைத் தேற்றவுமில்லை, கடியவுமில்லை. "செய்தது தப்புதான் அம்மா. ஆனால் தப்பு என்று உனக்கே தெரிகிறது. ஒரு மாதம் இரு. அதன் பிறகும் வேண்டாமென்றால் நானே வந்து பெட்டியைத் தூக்குகிறேன்" என்று கூறிவிட்டுத் திரும்பிப் போனார். அந்த ஒரு மாதம்தான் என் வாழ்வின் திசையை முடிவு செய்தது. பின்னாளில் என்னிடம் பயின்ற ஒவ்வொரு வகுப்புக்கும் முதல் நாளே நான் சொன்னது இதுதான்: பார்க்காததை எழுதாதே, தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதே. மற்றவற்றையெல்லாம் கற்பித்துவிடலாம்.

பெற்றோர் செய்யவேண்டியது

அழைப்பு வந்ததும் உடனே பெட்டியோடு ஓடாதீர்கள், "எல்லாரும் படிக்கவில்லையா?" என்று அடக்கவும் செய்யாதீர்கள். முதலில் முழுதும் கேளுங்கள். அழுகைக்குக் காரணம் பாடமா, வார்டா, வீட்டு நினைவா என்று அறியுங்கள். இவை மூன்றும் நாளடைவில் தணிபவை. ஆனால் மூத்த மாணவியர் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ, எவரேனும் தகாத முறையில் நடக்கிறார் என்றாலோ, உணவும் உறக்கமும் பல நாட்களாக இல்லை என்றாலோ, ஒரு நாளும் தாமதிக்காமல் நேரில் செல்லுங்கள். அங்கே பொறுமை காட்டுவது புண்ணியமன்று.

இன்னொன்று. "படித்து முடித்தால் வெளிநாடு" என்பதை மட்டுமே வீட்டில் பேசிப் பேசி அவளை அனுப்பாதீர்கள். அயல்நாட்டுச் சம்பளம் தவறன்று. பல குடும்பங்களை அது கரைசேர்த்திருக்கிறது. ஆயினும் நான்காண்டுக்கு அப்பாலுள்ள சம்பளம், இன்று மாலை மலச்சட்டியை ஏந்தும் கைக்கு வலுவூட்டாது. நோயாளி ஒருவர் "நாளைக்கும் நீதானே வருவாய்?" என்று கேட்கும் அந்தக் கேள்வியே வலுவூட்டும். அக்கேள்வி பெரும்பாலும் முதலாண்டு முடிவதற்குள் வந்துவிடும். அதுவரை அவளைத் தாங்கிப் பிடிப்பதே நம் கடமை.

அந்தத் தாயின் கணவர் அன்று புறப்பட்டுத்தான் போனார். ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. மகளுக்குப் பிடித்த முறுக்கும், வினாடி முள் உள்ள ஒரு கைக்கடிகாரமும் வாங்கிக்கொண்டு போனார். நாடி பார்க்க அது வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். மாலை வரை மகளோடு இருந்து பேசிவிட்டு, ஒரு மாதத் தவணை சொல்லித் தனியே திரும்பினார். தவணை முடிய இன்னும் பத்து நாட்கள் இருக்கின்றன. நேற்று இரவும் அவள் போன் செய்தாளாம். அழவில்லை, பன்னிரண்டு பேருக்கும் முழு நிமிடம் எண்ணி நாடி பார்த்ததாகச் சொன்னாளாம்.