ஜமீன் போனது, கணக்கு நின்றது

ஆண்டுதோறும் மே, ஜூன் வாக்கில் தமிழ்நாட்டுத் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி என்ற நிலக்கணக்குத் தணிக்கை நடக்கிறது. கிராம நிர்வாக அலுவலர்கள் பயிர்க் கணக்கான அடங்கலையும் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டையும் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வைப்பார்கள். எந்த சர்வே எண், எந்த உட்பிரிவு, யார் பெயரில் பட்டா, என்ன பயிர் என்று தணிக்கை நடக்கும். கணக்கில் ஆண்டு 2025 என்று இருக்காது. பசலி 1434 என்றிருக்கும். பசலி, அக்பர் காலத்து ஏற்பாடு. பழைய சடங்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. எந்த ஊரில் விளைச்சல் ஏறியது, எந்த ஊரில் ஏறவில்லை என்ற கேள்வி இந்தப் பதிவேடுகள் வரை வந்து நிற்கிறது.

அந்தக் கதை கம்பெனி ஆட்சியில் தொடங்குகிறது. 1793-ல் வங்காளத்தில் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தார். நிலம் ஜமீன்தாருடையது, கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செலுத்தும் தொகை என்றைக்கும் மாறாது. கெடு நாளில் பொழுது சாய்வதற்குள் பணம் வராவிட்டால் ஜமீன் ஏலத்துக்குப் போகும். குடியானவரிடம் எவ்வளவு கறக்கிறார் என்பது ஜமீன்தார் பாடு.

அதே ஆண்டுகளில், திப்பு சுல்தானிடமிருந்து 1792-ல் கைமாறிய பாராமகாலில், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கத்தில், கம்பெனி அதிகாரிகள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து, உழவரோடு நேரடியாகத் தீர்வை பேசினார்கள். ரயத்துவாரி முறை அங்கே உருவானது. இடையில் 1802-ல் சென்னை மாகாணத்துக்கும் ஜமீன் முறை வந்தது. ராமநாதபுரமும் சிவகங்கையும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. 1820-ல் மன்றோ கவர்னரான பிறகு மற்ற இடங்களில் ரயத்துவாரி நிலைத்தது.

ரயத்துவாரி கருணையான முறை என்று எண்ணிவிட வேண்டாம். வரி வசூலில் நடந்த சித்திரவதையை விசாரித்த கமிஷன் 1855-ல் சென்னையில் அறிக்கை கொடுத்தது. கை விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டி அதில் வருகிறது. தஞ்சையில் பட்டா நிலவுடைமையாளரான மிராசுதாருக்குப் போனது, சேற்றில் நின்றவருக்கு அல்ல.

கார்ன்வாலிஸ் திட்டத்துக்கு இரு நூற்றாண்டு கழித்து, பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் இந்தப் பழைய எல்லைகளை இன்றைய மாவட்டங்களின் மேல் வைத்துப் பார்த்தார்கள். 2005-ல் வெளிவந்த அவர்கள் கட்டுரையின்படி, ஜமீன் இல்லாத மாவட்டங்களில் வேளாண் விளைச்சல் சுமார் 16 சதவீதம் அதிகம். மண்தான் காரணமோ? அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க அவர்கள் எடுத்த துருப்புச் சீட்டு, மாவட்டம் கம்பெனி கைக்கு வந்த தேதி. 1820-க்கும் 1856-க்கும் இடையில் வந்த பகுதிகளில் பெரும்பாலும் ஜமீன் முறை வைக்கப்படவில்லை. அன்றைய அதிகாரிகளின் கொள்கை அப்படி. மண் வளத்துக்கும் அந்தத் தேதிக்கும் பெரிய தொடர்பில்லை என்றார்கள்.

இதைவிட வியப்பு, காலம். சுதந்திரத்துக்குப் பின் ஜமீன்தாரியை ஒவ்வொரு மாநிலமாக ஒழித்தார்கள். சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. விளைச்சல் இடைவெளி அதன்பின் சுருங்க வேண்டும் அல்லவா? 1965-க்குப் பிறகு, பசுமைப் புரட்சி வந்தபோதுதான் அது விரிந்தது. புதிய விதை, உரம், பாசனம் எல்லாம் ஜமீன் இல்லாத மாவட்டங்களில் வேகமாகப் பரவின. பழைய ஜமீன் மாநிலங்களில் மக்கள் நிலச் சீர்திருத்தத்துக்கே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வளர்ச்சிப் பணிகளுக்கான செலவு பின்தங்கியது. இன்னொன்றையும் நான் சேர்ப்பேன்: வரி என்றைக்கும் மாறாத இடத்தில் வயலை அளந்து பெயர் எழுத அரசுக்கு என்ன அவசரம்?

இந்தக் கணக்கை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. இவர்சன், பாமர்-ஜோன்ஸ், குணால் சென் ஆகிய ஆய்வாளர்கள் 2013-ல் அதே தரவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். பழைய மத்திய மாகாண மாவட்டங்களைப் பானர்ஜியும் ஐயரும் தவறான பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், திருத்தினால் முடிவு நிற்காது என்பது அவர்கள் வாதம். எண்ணைப் பற்றிய சண்டை நியாயமானதுதான். ஆனால் யார் பெயர் ஏட்டில் இருக்கிறது என்பது விளைச்சலைத் தொடும் என்பதற்கு வேறு சாட்சியும் உண்டு. மேற்கு வங்கத்தில் 1978-ல் தொடங்கிய 'ஆபரேஷன் பர்கா' வாரக் குத்தகைதாரர்களின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றியது. விளைச்சல் உயர்ந்ததாக, பானர்ஜியும் இடம்பெற்ற மற்றோர் ஆய்வு காட்டியது. நிரந்தர நிலவரி பிறந்த மண்ணிலேயே இது நடந்தது.

நமக்கு வந்த கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. பட்டா உரிமையாளரைத்தான் காட்டும். குத்தகைக்கு உழுபவர் அதில் இல்லை. அவர் பெயரைப் பதிய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் உண்டு, பதிந்தவர்கள்தான் குறைவு. பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் சான்று கேட்கும்போதுதான் பலருக்கு அது உறைக்கிறது. குத்தகைக்கு உழுகிறவர்கள் அடுத்த ஜமாபந்திக்குக் காத்திராமல், இப்போதே தாலுகா அலுவலகத்தில் அந்தப் பதிவைப் பற்றிக் கேளுங்கள்.