ஏர் ரைஃபிளில் காற்று இறங்குதா? வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்ட திருவனந்தபுரம் வட்டியூர்க்காவு ரேஞ்சில் பழகுறவரா நீங்க? ராத்திரி 200 பார் காட்டின பிரஷர் கேஜ் காலையில் 150 காட்டினா, உடனே ரெகுலேட்டரைத் திருகாதீங்க.

துப்பாக்கியில் குண்டு இல்லைன்னு முதலில் உறுதி பண்ணுங்க. பிறகு இணைப்புகளில் சோப்புத் தண்ணி தடவுங்க. குமிழி வர்ற இடத்தில்தான் கசிவு. பெரும்பாலும் தேய்ந்துபோன ஓ-ரிங்தான் காரணமா இருக்கும். காற்றை முழுசா வெளியேற்றிய பிறகே எதையும் கழற்றணும். புது ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் போதும். மெஷின் ஆயில் தையல் மெஷினுக்குச் சரி. இங்கே உயர் அழுத்தத்தில் அது தீப்பற்றி வெடிக்கலாம்.

கடலோர ஊர் என்பதால் காற்றில் ஈரம் அதிகம். கைப்பம்பில் அடிக்கும்போது அந்த ஈரமும் சிலிண்டருக்குள் போய் உள்சுவரை அரிக்கும். சிலிண்டரின் காலாவதி தேதி கடந்திருந்தா, காற்றே ஏற்றாதீங்க.