வெள்ளீயப் பொடியின் மோப்பம்

புதிதாகச் செய்த ஒட்டுப்பலகை அலமாரியைத் திறந்தாலே கண் கரிக்கிறதென்றும், காற்றைச் சோதிப்பதாகச் சொல்லிக் கடையில் விற்கும் சிறு கருவியை நம்பலாமா என்றும் அன்பர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். கரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு. உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு வகுத்திருக்கும் வரம்பு, அரைமணி நேரச் சராசரியாக, ஒரு கனமீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராம், அதாவது 10 கோடிப் பங்கில் சுமார் 8 பங்கு.

இவ்வளவு சொற்பமானதையும் உணரக்கூடிய வஸ்துக்களுள் ஒன்று, வெள்ளீய ஆக்ஸைடு என்னும் சாதாரண வெண்பொடி. 1962-இல் ஜப்பானியரான நவோயோஷி டகுச்சி இதைக் கொண்டு செய்த வாயு உணர்வானுக்குக் காப்புரிமை கோரினார். சில நூறு டிகிரி உஷ்ணத்தில் பொடியின் மேற்பரப்பில் படியும் பிராணவாயு எலெக்ட்ரான்களைப் பறித்துக்கொள்வதால் மின்தடை உயர்கிறது. ஃபார்மால்டிஹைடோ கார்பன் மோனாக்ஸைடோ வந்து அந்தப் பிராணவாயுவோடு சேர்ந்து எரிந்துபோக, பறிபோன எலெக்ட்ரான்கள் திரும்பித் தடை குறைகிறது. அந்தக் குறைவே கருவி காட்டும் எண்.

என்னை வசீகரிப்பது இதற்கு அடுத்த அத்தியாயம். க்யூஷூ பல்கலைக்கழகத்து நொபோரு யமஸோயேயும் சகாக்களும் 1991-இல் கண்டபடி, பொடியிலுள்ள மணியின் விட்டம் சுமார் 6 நானோமீட்டருக்குக் கீழே இறங்கியதும் உணர்வு திடீரென்று பன்மடங்காகிறது. பிராணவாயுவின் ஆதிக்கம் மேலிருந்து ஏறக்குறைய 3 நானோமீட்டர் ஆழம் வரைதான் செல்லும். எங்கள் வீட்டுக் கொல்லையில் மழையில் கிடந்த தடித்த கட்டையைப் பிளந்தால் நடுவே உலர்ந்திருக்கும், பக்கத்துச் சுள்ளியோ முழுவதும் ஊறிப்போயிருக்கும். அதுபோலவே, பெரிய மணியில் மேல்தோல் மட்டும் மாறுகிறது, சிறிய மணியில் உடல் முழுவதுமே மாறிவிடுகிறது.

ஆனால் இந்த மோப்பத்துக்கு விவேகம் குறைவு. எரியக்கூடிய ஆவி எதுவாயினும், கைகழுவும் சாராயமானாலும் அத்தரானாலும், தடை குறையத்தான் செய்யும். அதைப் பாராமல் திரையில் ஃபார்மால்டிஹைடு என்று பெயரெழுதி விற்பதை வியாபார சாதுரியம் என்றுதான் சொல்லவேண்டும். அன்பர் முதலில் ஜன்னலைத் திறக்கட்டும். வெப்பமும் ஈரமும் கூடினால் கசிவும் கூடுமாதலால், புழுக்கமான நாளில் இன்னும் அகலத் திறக்கட்டும்.

கருவி வாங்கியே தீர்வதென்றால், சிலிகோன் கலந்த கேசத் தைலங்களையும் அடைப்புப் பசைகளையும் அதனருகே கொண்டுபோகலாகாது. அவற்றின் ஆவி சூடான மணிகளின்மேல் சிதைந்து மணல் இனத்துப் படலமாகப் படிந்து, மோப்ப சக்தியையே அழித்துவிடும். அப்படி அழிந்ததை அறிவிக்கும் ஏற்பாடு மலிவான கருவிகளில் பெரும்பாலும் கிடையாது, விற்பவரும் அதைப்பற்றி வாய் திறப்பதில்லை.